வண்டின் முதுகை மட்டும் பார்த்த மகனுக்கு

கண்ணு,

நலமா என்று கேட்டு எழுத எனக்கு மனமில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். செவ்வாய்க்கிழமை போனில் உன் குரலைக் கேட்டேனே, அதில் ஒரு குறையும் இல்லை. "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. நீ வந்து கல்லை மட்டும் எடுத்து வெச்சுக் குடு, போதும்" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். நான் போனைக் கையில் பிடித்தபடியே நின்றேன். எனக்குப் புரியாதுதான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. அந்த ஐந்து வகுப்பில் கற்ற எழுத்தை எல்லாம் கூட்டிச் சேர்த்து மூன்று நாளாக இதை எழுதுகிறேன். போனில் என்றால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் வாயை மூடிக்கொள்வேன், அதுதான் நம் வழக்கம். காகிதத்தில் நீ நடுவில் பேச முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். இதை உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. ஒரு நகல் பள்ளிக்கூடத்து மாஷுக்கும் கொடுக்கப் போகிறேன். அவர் மலையாளம் படித்தவர்தான், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். படிக்கட்டும். டிரஸ்டுக் கமிட்டியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் மாஷ் வந்தார். ரிட்டயர் ஆன பிறகு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற அந்த டிரஸ்டுக்குச் செயலாளராக இருக்கிறார் என்பது உனக்கே தெரியும். கையில் ஒரு காகிதச் சுருள். கால்வாய் ரோட்டு ஓரத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு ஒரு பாலியேட்டிவ் வீடு கட்டப் போகிறார்களாம், இருபது கட்டில், படம் வரைந்து கொடுத்தது நீதானாம், அதுவும் காசு வாங்காமல். முன்பக்கத்து அறைக்கு உன் அப்பா பெயராம். அடுத்த வெள்ளிக்கிழமை கல்லிடல், முதல் கல்லை நான்தான் வைக்க வேண்டுமாம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். உன் அப்பா பெயரை ஒரு கட்டிடத்தில் எழுதுகிறார்கள் என்றால் எனக்குப் பெருமை இல்லாமலா போகும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை மேஜையில் விரித்தேன். நம் வீட்டுக் கூரைதான். நம் வீட்டைப் போல நாலு மடங்கு. வண்டின் முதுகு போல இரண்டு ஓடு, நடுவில் சேருகிற கோடு, வழவழவென்று கீழே இறங்குகிற சுவர். நான் அந்தச் சுவர் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுத்தேன். மறுபக்கமும் இழுத்தேன்.

"மாஷே, இதுல பக்கத்து ஓட்டை எங்கீங்க?"

"எந்து ஓட்டை, சேச்சி?"

"காத்து வர்ற ஓட்டைங்க. பக்கத்துக்கு ஒம்போது."

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்ஙனெ ஒண்ணும் இல்லையே. போட்டோவில உள்ளது போலத்தானே மகன் வரைஞ்சது. ஓட்டை வெச்சா பாம்பு வரும் சேச்சி. சூடு தோணினா ஏசி வைக்கலாம். யாராவது டோனர் கிட்டும்."

"கரண்டு போனா?"

"சேச்சிக்கு எல்லாத்திலும் சம்சயம்தான்" என்று மாஷ் சிரித்தார். அவர் போனதும்தான் ஓட்டையைப் பற்றிக் கேட்க உனக்குப் போன் பண்ணினேன். அவர் நல்ல மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நம் வீட்டுப் போட்டோவைப் பார்த்தார், அது மாதிரி வேண்டும் என்று கேட்டார். கோபம் எனக்கு உன் மேல். உன்னைவிட அதிகமாக என் மேல். எங்கிருந்து இந்தத் தப்பு ஆரம்பித்தது என்று உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

நீ அப்போது கோயம்புத்தூரில் கட்டிடப் படிப்பு மூன்றாவது வருடம் படித்தாய். லீவுக்கு வந்திருந்தாய். அந்த வருடம் குட்டைத் தென்னைகளில் கொம்பு வண்டு விழுந்து, குருத்தோலை விரிந்தால் கத்தரியால் வெட்டின விசிறி மாதிரி இருந்தது. அப்பா கம்பிக் கொக்கியோடு மரம் மரமாகப் போய், குருத்துக்குள் குத்தி வண்டை இழுத்துக்கொண்டிருந்தார். நீ பின்னாலேயே ஓடினாய். "அதைக் குத்திக் கொல்லாதீங்கப்பா, ரெக்கையை நான் பாக்கோணும்" என்றாய். ஒரு வண்டைக் காகிதத்தில் வைத்து, அதன் முதுகு ஓட்டைப் பிளேடால் நறுக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாய். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டித் தூண்கள் என்று காட்டினாய். அதனால்தான் இது இவ்வளவு லேசாகவும் இவ்வளவு கெட்டியாகவும் இருக்கிறது என்றாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்த மாதிரி தலையாட்டினேன். உன் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இந்த நாசமாப் போனதுக்குக் கொத்தன் யாருன்னு கேட்டுச் சொல்றா. நம்ம மாட்டுக்கொட்டாயிக்குக் கூட்டீட்டு வரலாம்" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிறகு அவர் உன்னை எருக்குழிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடை எடுத்துக்கொண்டு வந்தேன். மண்வெட்டியால் ஒரு பிடி எருவைப் புரட்டி, கட்டைவிரல் தடிமனில் சுருண்டு கிடந்த வெள்ளைப் புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "வண்டோட குஞ்சு இதுதான். முதுகப் பாத்தது போதும், வவுத்தோரத்தப் பாரு" என்றார். இரண்டு பக்கமும் வரிசையாகப் பழுப்புப் புள்ளி, சட்டைக்குப் பொத்தான் தைத்த மாதிரி. நீ எண்ணினாய். பக்கத்துக்கு ஒன்பது. "இது மூக்குடா" என்றார். "இதுக்குத் தலையில மூக்கே கெடையாது. பக்கத்துலதான் மூச்சு உடும்." நீ நம்பவில்லை. அவர் இரண்டு புழுவை எடுத்தார். ஒன்றுக்குத் தலையில் மட்டும் வேப்பெண்ணெய் தடவினார், இன்னொன்றுக்குப் பக்கத்துப் புள்ளிகள் மேல் தடவினார். தலையில் தடவின புழு நெளிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் தடவினது கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போனது. நீ அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "ஒம்போது மூக்காப்பா!" என்று கேட்டாய். "பக்கத்துக்கு ஒம்போது. உங்கம்மாளுக்கு மாதிரி கோவம் வந்தா எப்புடிப் பொடைக்கும்னு நெனச்சுப் பாரு" என்றார் அந்த மனிதர். நான் கூடையால் அவரை அடிக்கப் போனேன்.

அந்த மூக்கை நீ மறக்கவில்லை. வீடு கட்ட வரைந்தபோது அதையும் சேர்த்துத்தான் வரைந்தாய். சாப்பிட்டுக்கொண்டே எச்சில் கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டினாயே. கம்பிவலையில் சிமெண்டு பூசி மெல்லிசாக ஒரு ஓடு, அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு ஓடு, நடுவில் குட்டித் தூண்கள். இரண்டு பக்கச் சுவரிலும் கூரைக்குக் கீழே ஒரு முழ நீளத்தில் வாய், பக்கத்துக்கு ஒன்பது. வெளிக்காற்று அதில் நுழைந்து, கொஞ்சம் அறைக்குள்ளும் கொஞ்சம் இரண்டு ஓட்டுக்கு நடுவிலும் போய், உச்சியில் ரெக்கை சேருகிற கோட்டு வழியாக வெளியே போய்விடும். காற்றே இல்லாத நாளில்கூட, உள்ளே இருக்கிற சூடு மேலே ஏறும்போது கீழேயிருந்து புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும் என்றாய். அப்பாவுக்கு அப்போதே மூச்சுத் தொந்தரவு. வெயில் காலத்தில் நெஞ்சு பிசைகிறது என்பார். "எனக்கோசரம் ஊட்டுக்கு மூக்கு வெக்கறான் என்ற பையன்" என்று பால் சொசைட்டியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தை மாதம் வீடு குடி போனோம். வாளையார்ப் பக்கமிருந்து தைக்காற்று எப்படி அடிக்கும் என்று இந்த மண்ணில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரிந்தும் எனக்கு அன்றைக்குப் புத்தி வேலை செய்யவில்லை. விடிகாலை முகூர்த்தம். ஐயர் மந்திரம் சொல்கிறார், அடுப்பில் பால் ஏறுகிறது, நடுக்கூடத்தில் நான் ஏற்றின குத்துவிளக்கு அணைந்துவிட்டது. மறுபடியும் ஏற்றினேன். அணைந்தது. மூன்றாவது தடவை ஏற்றி, கையால் மறைத்தபடி நின்றேன். கை சுட்டு எடுத்தேன், அணைந்தது. குமுளியிலிருந்து வந்திருந்த உன் அத்தை மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "ஏனண்ணி, பாலு பொங்கறதுக்குள்ள மூணு தடவ வெளக்கு நின்னு போச்சு. எனக்கென்னமோ மனசுக்கு ஒப்பல. நானா இருந்தா இந்தப் பொந்தையெல்லாம் மொதல்ல அடைச்சுப்போட்டுத்தான் மறுவேலை பாப்பேன்" என்றாள். அவள் ஏலக்காய் மலையில் குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வாழ்ந்தவள். அவளுக்கு எல்லா ஓட்டையும் பொந்துதான். உன் அப்பா, "வெளக்குக்கு ஒரு கண்ணாடி வெச்சாச் சரியாப் போச்சு. இதுக்கெதுக்கு ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கறீங்க" என்றார். நீ பந்தியைப் பார்க்கப் போயிருந்தாய். வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதுதான் என்னைத் தின்றது. விளக்கு அணைந்த வீட்டில் ஒருத்தருக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பெண்கள் இந்தக் காலையைத்தானே சொல்லுவார்கள்?

நீ ஊருக்குப் போன மறுநாளே கொத்தனார் வேலுச்சாமியைக் கூப்பிட்டேன். அவன் ஏணியைச் சாத்தி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். "ஆத்தா, தம்பிய ஒரு வார்த்தை கேட்டுட்டு அடைக்கலாமுங்க. அவரு கணக்குப் போட்டு வெச்சிருக்கறாருங்க" என்றான். "என்ற ஊட்டுல எது இருக்கோணும் எது இருக்கப்படாதுன்னு எனக்குத் தெரியும். நீ பூசுடா" என்றேன். பதினெட்டையும் பூசினான். உச்சியில் இருந்த இடைவெளி மட்டும் அப்படியே நின்றது. உள்ளே வர வழி இல்லாமல் வெளியே போக வழி இருந்து என்ன செய்ய? என் விளக்கு அசையாமல் நின்று எரிந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது. இதை நான் ஒளிக்காமல் எழுதுகிறேன், கண்ணு. அந்த வாய்களை அடைத்தது நான். படிக்காதவள் செய்த வேலை அது.

ஆனால் நீ படித்தவன். பத்து நாள் கழித்து, கேமரா வைத்திருக்கிற உன் சிநேகிதனோடு வந்தாய். வண்டியை விட்டு இறங்கினதும் தெற்குச் சுவரைத்தான் பார்த்தாய். திட்டப் போகிறாய் என்று விளக்குக் கதையை வாய்க்குள் தயார் பண்ணி வைத்திருந்தேன். பாதி சொல்லும்போதே நீ சுவரை உள்ளங்கையால் தடவினாய். "விடும்மா. இதுவும் நல்லாத்தான் இருக்குது. லைன் கிளீனா இருக்குது" என்றாய். சிநேகிதன், "டேய், இப்பத்தான்டா நெஜ வண்டு மாதிரி இருக்கு" என்றான். நீ சிரித்தாய். போட்டோ எடுக்க என் துணிக்கொடியை அவிழ்த்தீர்கள், அப்பாவின் கயிற்றுக்கட்டிலைக் கண்ணில் படாமல் பின்னால் தள்ளினீர்கள். அந்தப் போட்டோவுக்குத்தான் உனக்குப் பரிசு கொடுத்தார்கள்.

இதை நான் இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எதற்காக நீ விட்டாய்? அம்மா செய்துவிட்டாள், அவள் மனசு நோகக்கூடாது என்று விட்டாயா? அப்படியானால் உன்னை மன்னிக்க எனக்கு வழி இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அது தப்பு. படிப்பு உன்னுடையது. ஆசுபத்திரியில் அம்மா சொன்னாள் என்று டாக்டர் ஊசியை மாற்றுவாரா? என்னைத் திட்டியிருக்க வேண்டும். வேலுச்சாமியைக் கூப்பிட்டு என் கண் முன்னாலேயே உடைத்திருக்க வேண்டும். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் தானாகச் சாப்பிட்டிருப்பேன். அப்படி இல்லாமல், படத்தில் அழகாக இருக்கிறது என்று விட்டாயா? அப்படியானால் நீ என்ன படித்தாய்? ஒரு பூச்சியைப் பார்த்து வீடு கட்டுகிறேன் என்றாய். பூச்சி அந்த முதுகு ஓட்டை அழகுக்காகவா சுமக்கிறது? அதற்கு அடியில் ரெக்கை இருக்கிறது, வயிறு இருக்கிறது, மூச்சு இருக்கிறது. அது பிழைப்பதற்காக வைத்திருக்கிறது. நீ அதன் சட்டையை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிட்டாய்.

பங்குனி வந்தது. மேல் ஓடு காய்ந்தது, கீழ் ஓடு காய்ந்தது, நடுவில் இருந்த காற்று, தள்ளிவிடப் புதுக்காற்று வராமல், நின்றபடியே வெந்தது. மதியம் மூன்று மணிக்குக் கட்டில் கம்பியைத் தொட்டால் சுட்டது. ஃபேன் போட்டால் அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி முகத்தில் அறையும். நீ போன் பண்ணி, "வீடு எப்படிம்மா இருக்குது வெயிலுக்கு?" என்று கேட்டாய். "குளுகுளுன்னு இருக்குது கண்ணு" என்றேன். அப்போதுதான் உனக்குப் பரிசு என்று சேதி வந்திருந்தது. பரிசு வாங்கப் போகிற பிள்ளையிடம் போய், நீ கட்டின வீடு வேகிறது என்று எந்த அம்மா சொல்வாள்? எதிரில் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். போனை வைத்ததும், "குளுருக்கு ஒரு கம்பளி இருந்தா எடுத்துக் குடு" என்றார்.

அடுத்த வருடப் பங்குனிக்கு அவருடைய மூச்சு இன்னும் மோசம். உறிஞ்சுகிற மருந்து எப்போதும் கையில். ஒரு நாள் சுவரைக் காட்டி, "பையன் வெச்ச மூக்குல ஒண்ணே ஒண்ணையாவது தட்டி உடச் சொல்லு" என்றார். "பரிசு வாங்குன ஊட்டை ஒடைக்கறதா? படம் பாத்துட்டு ஆளுக வந்துட்டுப் போறாங்க. பையன் மொகத்துல எப்புடி முழிக்கறது?" என்றேன். "செரி. அப்ப அந்தப் பரிசையே மோந்து மூச்சு உட்டுக்கறேன்" என்றார். நான் சிரித்தேன் கண்ணு. அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் எப்போதும் வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லியே, எது வேடிக்கை எது கஷ்டம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியாமல் போய்விட்டது.

அன்று சாயங்காலமே கட்டிலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் ஓலைத் தட்டி. தட்டியைத் தூக்கிக் கட்டினால் தோப்புக் காற்று நேராக வரும். ஒரு மாதத்துக்கு மேல் அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் தூக்கம். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனால், "பையன் கட்டுன பங்களாவுல அப்பனுக்கு எடம் இல்லீங்களாக்கா?" என்று கேட்டார்கள். "தோப்புக் காவலுக்குப் போயிருக்கறாரு" என்றேன். என்ன தோப்பு, என்ன காவல்! சித்திரையில் ஒரு நாள் மோர் கொண்டு போனேன். தட்டி ஆடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், அவர் திரும்பவில்லை.

வீடுதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். அவருடைய நெஞ்சு கெட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று, டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனால் மகன் தனக்கென்று கட்டின வீட்டுக்கு வெளியே கிடந்து அவர் போனார். அது பொய் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் மோட்டார் ரூமைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தபோது நீ என்ன சொன்னாய்? "அப்பாவுக்குப் பழசை விட முடியல. புது வீடு அவருக்கு செட் ஆகல" என்றாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு. அந்த மனிதருக்கா பழசை விட முடியவில்லை? நீ காற்றில் போட்ட கோட்டை நம்பி முதலில் தலையாட்டினது யார்? பழைய ஓட்டு வீட்டை இடிக்க நான் அழுதபோது, "பையன் புதுசாக் கட்டறான், அழுகாத" என்று கடப்பாரையை எடுத்துக் கொடுத்தது யார்? செத்தவர் வந்து பதில் சொல்ல மாட்டார் என்று அவர் மேல் பழியைப் போட்டாய். நான் உயிரோடு இருந்தும் பதில் சொல்லவில்லை. சொன்னால், அடைத்தது யார் என்ற கேள்வி வரும். அந்தப் பயம். அப்பாவின் சாவுக்கு அம்மா என்னைச் சொல்கிறாள் என்று நீ நினைப்பாயோ என்ற பயம் வேறு. இரண்டு பயத்தையும் மடியில் கட்டிக்கொண்டு ஒரு வருடம் ஓட்டிவிட்டேன்.

கருமாதி முடிந்து நீ போன பிறகு வேலுச்சாமியைக் கூப்பிட்டேன். தெற்குப் பக்கத்து ஒன்பதையும் உடைக்கச் சொன்னேன். "அன்னைக்கே சொன்னேனுங்க ஆத்தா" என்றான். "சொன்னே. நான் கேக்கல. ஒடை" என்றேன். உளி போட்ட இடத்தில் எல்லாம், நீ வைத்த வாய் உள்ளே அப்படியே இருந்தது, மழை உள்ளே வராமல் நீ வைத்த சாய்ப்புகூட உடையாமல். மறுநாள் உச்சி வெயிலில், ஒரு இலைகூட அசையாத நேரத்தில், கூடத்தில் ஊதுவத்தி ஏற்றி வைத்து உட்கார்ந்தேன். புகை கொஞ்சம் தயங்கியது. பிறகு யாரோ நூல் பிடித்து இழுக்கிற மாதிரி நேராக மேலே போய், உச்சிக் கோட்டில் நுழைந்து காணாமல் போயிற்று. கால் பக்கத்தில் லேசாகக் காற்று வந்தது. நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாயே, காற்றே இல்லாவிட்டாலும் சூடே இழுத்துக்கொள்ளும் என்று, அதேதான். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அடக்க முடியாத கோபம்தான் வந்தது. நீ வரைந்தது சரி. முதலில் இருந்தே சரி. என் பிள்ளை கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஒரு விளக்குக்காக நான் அடைத்தேன், ஒரு போட்டோவுக்காக நீ அடைத்தபடியே விட்டுவிட்டாய். நடுவில் ஒரு மனிதர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது அதே அடைத்த வீட்டை இருபது கட்டிலுக்குப் பெரிதாக்கி வரைந்திருக்கிறாய். சரியாக வரைந்த காகிதம் உன்னிடம் இல்லையா? இருக்கும். ஆனால் நீ போட்டோவைப் பார்த்து வரைந்திருக்கிறாய், நீயே கட்டின வீட்டை நீயே காப்பி அடித்திருக்கிறாய், அதுவும் தப்பான காப்பி. காசு வாங்கவில்லை என்று மாஷ் உன்னைப் புகழ்ந்தார். காசு வாங்காமல் செய்தால் கவனிக்காமல் செய்யலாம் என்று யார் சொன்னது? அங்கே வரப் போகிறவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தாயா? புரண்டு படுக்க ஆள் வேண்டும். தண்ணீர் கேட்க வாய் வராது. புற்று வந்தவர்கள், இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர்கள், உன் அப்பாவைப் போல ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் தவிக்கிறவர்கள். உன் அப்பாவுக்குக் கால் இருந்தது. பிடிக்கவில்லை, எழுந்து போனார். இவர்கள் எங்கே எழுந்து போவார்கள்? உன் அழகான ஓட்டுக்குக் கீழே, அவர் பெயர் எழுதின அறையில், பங்குனி மதியத்தில், கரண்டு போன நேரத்தில், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். "குளுகுளுன்னு இருக்குது" என்று அங்கேயும் ஒருத்தி சொல்லுவாள்.

நீ இன்னும் நிறையக் கட்டப் போகிறவன். என்னை மாதிரி நிறையப் பேர் உன்னிடம் வந்து, இதை அடை, அதை எடு, இங்கே காற்று அடிக்கிறது, அங்கே தூசி வருகிறது என்பார்கள். பாசத்தோடு சொல்வார்கள், அழுதுகொண்டு சொல்வார்கள். கேட்டுக்கொள். பிறகு, அந்த ஓட்டை எதற்காக அங்கே இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லு. எனக்கு ஒரு தடவை நீ சொல்லியிருந்தால் போதும், "இது அப்பாவோட மூச்சும்மா" என்று. நான் என்ன, கல்லா? ஒரு வார்த்தை சொல்லுவதற்குப் பதிலாகச் சுவரைத் தடவிக் கொடுத்தாய். இப்போது, எனக்குப் புரியாது என்கிறாய்.

மாஷிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருவேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவேன், ஆனால் இப்போது இருக்கிற காகிதத்துக்கு நான் கல் எடுத்து வைக்க மாட்டேன். உன் அப்பா பெயரையும் அதில் எழுத விடமாட்டேன். மாஷ், "மகன் கிட்ட பேசிட்டு சொல்லுங்க சேச்சி" என்றார். அதைத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டும். தெற்குப் பக்கம் திறந்திருப்பதை வந்துபோகும்போது நீ கவனிக்கவே இல்லை. வடக்கு அறைச் சுவரில் இருக்கிற ஒன்பதை நான் இன்னும் உடைக்கவில்லை. நீ போட்டோ எடுத்தபோது இருந்த மாதிரியே இருக்கிறது. அந்த அறையில் கட்டில் போட்டு வைக்கிறேன். நீ படு, மல்லாந்து படு, எழுந்திருக்கக் கூடாது, ஃபேன் கிடையாது. கதவை வெளியிலிருந்து நான் சாத்திக்கொள்வேன். ஒரு மணி நேரம். தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து வாயில் ஊற்றிவிட்டுப் போவேன், கதவைத் திறந்து வைக்க மாட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்து, இந்தக் காகிதமே போதும் என்று நீ சொன்னால், வெள்ளிக்கிழமை என் கையால் கல் எடுத்து வைக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

காலையில் வராதே. வழக்கம்போல வெயிலுக்கு முன்னால் வந்து, காபி குடித்துவிட்டு, வீடு நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதே. மதியம் வா.

உன் அம்மா